ஃபீல்டு மார்ஷலுக்கு என்ன சம்பளம்?

மார்ஷல் என்றால் குதிரைக்காரன். கேலி இல்லை, அகராதியே அப்படித்தான் சொல்கிறது. பழைய ஜெர்மானிய மொழிகளில் 'மர்ஹ்' என்றால் குதிரை (ஆங்கிலத்தில் பெண் குதிரையை 'மேர்' என்கிறார்களே, அதே வேர்). 'ஸ்கால்க்' என்றால் வேலையாள். இரண்டும் சேர்ந்தால் லாயத்தில் கொள்ளு வைத்து, தண்ணி காட்டி, லத்தி அள்ளுகிற ஆள். அந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போய் 'மரேஷால்' ஆனது, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து 'மார்ஷல்' ஆனது. பிரான்சில் குதிரைக்கு லாடம் அடிப்பவருக்கு இன்றைக்கும் 'மரேஷால் ஃபெரான்' என்றுதான் பெயர். நம்மூர் சட்டசபையில் ரகளை செய்யும் உறுப்பினரை அலேக்காகத் தூக்கி வெளியே விடுகிறாரே அவைக் காவலர், அவரும் மார்ஷல்தான்.

2023 டிசம்பரில் 'சாம் பகதூர்' படம் வந்ததிலிருந்து ஆபீஸில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், ஃபீல்டு மார்ஷல் என்பது ஜெனரலுக்கு மேலா கீழா, அது பதவியா பட்டமா என்று. ராணுவத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் பென்ஷன் லெட்ஜர் அளவில்தான். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது அது ஒரு சம்பளக் கணக்கில் போய் நின்றது. அது நம்ம டிபார்ட்மென்ட் ஆச்சே. :-)

முதலில் குதிரைக்காரன் எப்படி இவ்வளவு உயரம் போனான் என்று பார்ப்போம். குதிரைப்படைதான் ராணுவம் என்றிருந்த காலத்தில், ராஜாவின் லாயத்தைப் பார்த்துக்கொள்பவனுக்குத்தான் எத்தனை குதிரை நடக்கும், எத்தனை நொண்டும், தீவனம் எத்தனை நாளைக்கு வரும் என்பது தெரியும். அவனைக் கேட்காமல் படை புறப்பட முடியாது. கிளையில் கேஷ் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மேனேஜரே கொஞ்சம் பணிந்துதானே போகவேண்டியிருக்கிறது, அந்த மாதிரி. மெல்ல மெல்ல லாயக்காரன் படையை அணிவகுப்பவன் ஆனான், பிறகு படையை நடத்துபவன் ஆனான். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே 'பிரான்சின் மார்ஷல்' என்பது ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் பட்டம்.

இதே லாயத்திலிருந்து கிளம்பிய இன்னொரு சொல் 'கான்ஸ்டபிள்'. லத்தீனில் 'கோமெஸ் ஸ்டாபுலி', அதாவது லாயத்தின் பிரபு. பிரான்சில் கான்ஸ்டபிள் என்பவர் மார்ஷலுக்கும் மேலே, மொத்த ராணுவத்துக்கும் தலைவர். நம்மூரில் கான்ஸ்டபிள் டிராபிக் சிக்னலில் நிற்கிறார். ஒரே லாயத்தில் புறப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் மேலே போய்விட்டார், ஒருவர் கீழே வந்துவிட்டார். சொற்களுக்கும் புரமோஷன், டீமோஷன் எல்லாம் உண்டு போலிருக்கிறது.

'ஃபீல்டு' என்பது ஜெர்மன் 'ஃபெல்ட்மார்ஷால்' வழியாக வந்தது. களத்தில், பாளையத்தில் வேலை செய்யும் மார்ஷல். வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இதே அர்த்தமுள்ள 'மரேஷால் த காம்ப்' என்ற பதவி பெரியது ஒன்றுமில்லை. எந்தப் படைப்பிரிவு எங்கே கூடாரம் அடிக்க வேண்டும் என்று இடம் ஒதுக்கிக் கொடுப்பதில் தொடங்கிய வேலை, நம் மேஜர் ஜெனரல் அந்தஸ்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஜெர்மானிய அரசுகளில்தான் அது உச்சிக்குப் போனது. பிரிட்டிஷ் ராஜா இரண்டாம் ஜார்ஜ் பிறப்பால் ஹானோவர்க்காரர், ஜெர்மானியர். அவர்தான் 1736-ல் அந்தப் பட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, ஆர்க்னி பிரபுவுக்கும் ஆர்கைல் பிரபுவுக்கும் கொடுத்தார்.

இடையில் ஒரு சின்ன சந்தேக நிவர்த்தி. மேஜர் என்பவர் லெப்டினன்டுக்கு மேலே. ஆனால் லெப்டினன்ட் ஜெனரல் மேஜர் ஜெனரலுக்கு மேலே. இது எப்படி என்று பலரும் குழம்புவதுண்டு. அந்தக் காலத்தில் படைக்குத் தலைவர் 'கேப்டன் ஜெனரல்', அவருக்கு அடுத்தவர் 'லெப்டினன்ட் ஜெனரல்', அதற்கும் அடுத்து 'சார்ஜென்ட் மேஜர் ஜெனரல்'. கம்பெனியில் கேப்டன், லெப்டினன்ட், சார்ஜென்ட் என்று இருப்பதைப் போலவே முழுப்படைக்கும். பின்னால் முதலாமவரின் 'கேப்டன்' உதிர்ந்து வெறும் ஜெனரல் ஆனார், மூன்றாமவரின் 'சார்ஜென்ட்' உதிர்ந்து மேஜர் ஜெனரல் ஆனார். அவ்வளவுதான் விஷயம்.

ஃபீல்டு மார்ஷல் கையில் வைத்திருக்கும் கோலுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1813 ஜூன் 21-ஆம் தேதி ஸ்பெயினில் விட்டோரியா என்ற இடத்தில் வெலிங்டன் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். ஓடியவர்கள் விட்டுப்போன மூட்டை முடிச்சுகளில் பிரெஞ்சு மார்ஷல் ஜோர்தானின் கோல் கிடைத்தது. வெலிங்டன் அதை லண்டனுக்கு, ராஜப் பிரதிநிதியாக இருந்த இளவரசருக்கு அனுப்பி வைத்தார். இளவரசர் பதிலுக்கு இங்கிலாந்தின் கோலை அனுப்புவதாகச் சொல்லி அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கிவிட்டார். சொல்லிவிட்டாரே தவிர, இங்கிலாந்தில் அப்படி ஒரு கோலே அப்போது கிடையாது. அதன் பிறகுதான் அவசரமாக வடிவமைத்துச் செய்தார்கள். முதலில் சாங்ஷன் லெட்டர், பிறகு ஃபைல்!

இதே வெலிங்டன்தான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் 1803-ல் அஸ்ஸாயேயிலும் சண்டை போட்டவர். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஊரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் ஃபீல்டு மார்ஷல்களுக்குப் பஞ்சமே இல்லை. ராபர்ட்ஸ், கிச்சனர், பேர்ட்வுட், வேவல், ஆக்கின்லெக் என்று வரிசையாக. பிரிக்கப்படாத இந்தியாவின் கடைசித் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946-ல் அந்தப் பட்டம் பெற்றார். பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே புரியும், எல்லாரும் வெள்ளைக்காரர்கள். இந்தியச் சிப்பாய் எத்தனை வருடம் உழைத்தாலும் சுபேதார் மேஜரோடு சரி. அவரும் நேற்று கப்பலில் வந்து இறங்கிய இளம் ஆங்கில லெப்டினன்டுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் ராஜாவின் கமிஷன் இந்தியர்களுக்குக் கொஞ்சமாகத் திறந்தது. 1919-ல் இந்தூர் டேலி கல்லூரியில் பயிற்சி முடித்து வந்த அந்த முதல் அணியில் ஒருவர் கொடகுக்காரர் கரியப்பா. 1932-ல் டேராடூனில் ராணுவ அகாடமி திறந்தபோது சேர்ந்த முதல் 40 பேரில் ஒருவர் அமிர்தசரஸில் பிறந்த பார்சி இளைஞர், சாம் மானெக்‌ஷா.

இப்போது பதவியா பட்டமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எங்களுக்கு ஸ்கேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் உண்டு. கிளை மேலாளர் என்பது பதவி. கிளையின் அளவைப் பொறுத்து ஸ்கேல் டூவும் மேலாளராக இருப்பார், ஸ்கேல் ஃபோரும் இருப்பார். சம்பளம் ஸ்கேலுக்கு, நாற்காலி பதவிக்கு. ராணுவத்திலும் இப்படித்தான். பிரிகேடியர் என்பது தரம், ஒரு பிரிகேடை நடத்துவது பதவி. ஜெனரல் என்பது தரம், தலைமைத் தளபதி என்பது பதவி. ஆனால் ஃபீல்டு மார்ஷலுக்கு வரும்போது மட்டும் இந்தியாவில் பதவி என்று ஒன்று கிடையாது. வெறும் தரம்தான். ஜெனரலுக்கு நான்கு நட்சத்திரம், இவருக்கு ஐந்து. தோளில் தேசியச் சின்னத்துக்குக் கீழே தாமரை மாலை, அதற்குள் குறுக்காக ஒரு கோலும் வாளும். பிரிட்டிஷ் வழக்கப்படி ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வும் கிடையாது. சாகும்வரை பணிப்பட்டியலில் பெயர் இருக்கும், விழாக்களில் யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளலாம். ரிட்டயர் ஆகாத ஆளுக்குக் கொடுக்கவேண்டியது பென்ஷனா, சம்பளமா? இந்தக் கேள்விக்கு நம் அரசாங்கத்துக்குப் பதில் தெரிய 34 வருடம் ஆனது.

அதற்கு முன்னால், பதவி இல்லாத இந்தப் பட்டத்தை வைத்து உலகத்தில் என்னென்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

1943 ஜனவரி 30. ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாவது ராணுவம் பனியிலும் பசியிலும் சிக்கி முடிவை எட்டிவிட்டது. அதன் தளபதி பாவ்லுஸை ஹிட்லர் அன்றைக்கு ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார். பாராட்டு என்று நினைக்கவேண்டாம். அதுவரை எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் எதிரியிடம் சரணடைந்ததில்லை. அதாவது, பட்டத்தோடு சேர்த்துத் துப்பாக்கியையும் மறைமுகமாகக் கையில் கொடுத்தார். பாவ்லுஸ் மறுநாள் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலவறையிலிருந்து வெளியே வந்து சரணடைந்தார். பின்னால் நியூரம்பர்க் விசாரணையில் சாட்சியும் சொன்னார். புரமோஷன் ஆர்டருக்குள்ளேயே மரண தண்டனையை ஒளித்துவைத்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இன்னொரு ரகம், தனக்குத் தானே கொடுத்துக்கொள்வது. பாகிஸ்தானில் ஆட்சியைப் பிடித்த அயூப் கான் 1959-ல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அவர்தான் ஜனாதிபதி, அவருடைய அமைச்சரவைதான் கொடுத்தது. உகாண்டாவில் இடி அமீன் 1975-ல் அதே வேலையைச் செய்தார். 2025 மே 20-ஆம் தேதி பாகிஸ்தான் அரசு தன் ராணுவத் தளபதி ஆசிம் முனிருக்கு அந்தப் பட்டத்தை அறிவித்தது. அயூப்புக்குப் பிறகு அங்கே இவர் இரண்டாமவர். ஆனால் ஒரு வித்தியாசம், இவர் பட்டத்தோடு தளபதி நாற்காலியையும் வைத்துக்கொண்டார்.

அயூப்பைப் பற்றிப் பேசும்போது கரியப்பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1949 ஜனவரி 15-ல் ஜெனரல் புச்சரிடமிருந்து பொறுப்பை வாங்கி முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனவர் கரியப்பா. அந்தத் தேதிதான் இன்றைக்கும் ராணுவ தினம். பிரிவினைக்கு முன்பு அயூப் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். 1965 போரில் கரியப்பாவின் மகன், விமானப்படை அதிகாரி, பாகிஸ்தான் எல்லைக்குள் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். பழைய மேலதிகாரியின் பிள்ளை என்று தெரிந்ததும் அயூப் விடுவிக்கத் தயார் என்று சொல்லி அனுப்பினார். கரியப்பா அதை ஏற்கவில்லை. கைதாகியிருக்கும் எல்லாருமே என் பிள்ளைகள்தான், எல்லாரையும் எப்படி நடத்துகிறீர்களோ அப்படியே அவனையும் நடத்துங்கள் என்பதுதான் அவருடைய நிலை. மற்றக் கைதிகளோடு சேர்ந்துதான் மகன் திரும்பி வந்தார். அந்த வருடத்தில் எடுத்துக்கொண்டவர் ஃபீல்டு மார்ஷல், மறுத்தவர் ரிட்டயர் ஆன ஜெனரல். கரியப்பாவுக்கு அந்தப் பட்டம் வந்தது 1986-ல், ஓய்வு பெற்று 33 வருடம் கழித்து, 87-ஆவது வயதில்.

அவருக்கு முன்னால் மானெக்‌ஷா. 1969-ல் தலைமைத் தளபதி ஆனவர். 1971 ஏப்ரலில் உடனே படையெடுக்கச் சொன்ன அமைச்சரவையிடம் மழைக்காலம் வருகிறது, ஆறுகளெல்லாம் கடல் மாதிரி ஆகிவிடும், பொறுங்கள் என்று சொன்னது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த டிசம்பர் 16-ல் டாக்காவில் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். அதற்குப் பிறகு இந்திரா காந்தி இவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கி, முப்படைகளுக்கும் சேர்த்து ஒரே தலைவராகவும் நியமிக்க நினைத்தார். கடற்படை, விமானப்படைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. அந்தப் பதவி யோசனை கைவிடப்பட்டது (கடைசியில் அது 2020 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் நான்கு நட்சத்திரத்தோடு). பட்டம் மட்டும் மிஞ்சியது. 1973 ஜனவரி 3-ஆம் தேதி ராஷ்டிரபதி பவனில் ஜனாதிபதி வி.வி. கிரி கையால் அதை வாங்கினார். அதே ஜனவரி 15-ல் தளபதி பொறுப்பை ஒப்படைத்துவிட்டு குன்னூருக்குப் போய்விட்டார். இந்தியாவின் முதல் ஃபீல்டு மார்ஷல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மொத்தம் பதினைந்து நாள்.

பொறுப்பை விட்ட கையோடு வாயாலும் கொஞ்சம் கெடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். 1947-ல் பாகிஸ்தான் ராணுவத்துக்கு வரச் சொல்லி ஜின்னா கேட்டார், போயிருந்தால் 1971-ல் பாகிஸ்தான்தான் ஜெயித்திருக்கும் என்கிற பாணியில் ஒரு பேட்டியில் விளையாட்டாகச் சொல்லிவைக்க, பத்திரிகைகளும் டெல்லியும் கொதித்துப்போயின. ஜெயித்த ஜெனரலைப் பார்த்து அரசியல்வாதிகள் பயப்படுவது புதிதில்லை. பக்கத்து நாட்டு அனுபவத்தைப் பார்த்தால் அந்தப் பயம் முழுக்கத் தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். இந்தப் பட்டத்தை நாம் அள்ளி வீசவில்லை என்பதே நல்ல விஷயம்தான். ஆனால் கொடுத்த பிறகு அதற்குரியதைக் கொடுக்காமல் இருப்பது வேறு விஷயம்.

கொஞ்சம் என் சொந்த அனுபவம். புனேயில் கன்டோன்மென்ட்டை ஒட்டிய ஒரு கிளையில் மூன்று வருடம் இருந்தேன். ராணுவ பென்ஷன் எல்லாம் 'ஸ்பர்ஷ்' வருவதற்கு முன் பாங்குகள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் வந்தால் உயிர்ச் சான்றிதழ் கொடுக்கக் காலை எட்டு மணிக்கே ஷட்டருக்கு வெளியே வரிசை நிற்கும், அதுவும் நேர்வரிசை. கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட பிபிஓ புத்தகம். அவர்களில் சிலர் சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றவர்கள். குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் இப்படிச் சிலருக்கு கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டம் அறிவிப்பார்கள். அதுவும் பதவி இல்லாத பட்டம்தான். கேப்டன் என்று சொல்லி யாரும் அவருக்கு ஒரு கம்பெனியைக் கொடுத்துவிடப் போவதில்லை. ஆனால் பென்ஷன் சர்க்குலரின் அட்டவணையில் சுபேதார் மேஜருக்கு அடுத்து கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் என்று தனித்தனி வரி உண்டு, தனித்தனித் தொகை உண்டு. விரலை வைத்துப் பார்த்துப் போடவேண்டியதுதான்.

ஒருமுறை சதாரா பக்கத்துக்காரர் ஒரு பெரியவர் பாஸ்புக்கோடு வந்து நின்றார். "ஏதாவது குறையுதா கேப்டன் சாப்?" என்று கேட்டேன். "பைசா சரியா வருது மேனேஜர் சாப். பேருதான் சரியில்லை" என்றார். கணக்கைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் இன்னும் சுபேதார் மேஜர் என்றே இருந்தது. திருத்திக் கொடுத்ததும் பாஸ்புக்கை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் படித்துப் பார்த்துவிட்டுப் போனார். மானெக்‌ஷாவுக்கு நேர்மாறு. பெயர் சரியாக இருந்தது, பைசா வரவில்லை.

சுபேதாருக்குக் கொடுக்கும் கௌரவ கேப்டனுக்கு அட்டவணையில் வரி இருக்கிறது, நாட்டின் மிக உயர்ந்த ராணுவத் தரத்துக்கு வரி இல்லை. இதுதான் என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்கு ஜீரணமாகாத இடம். இதற்கு யாரும் சதி செய்திருக்க வேண்டியதில்லை. அரசுக் கணக்கில் ஒரு பைசா வெளியே போகவேண்டும் என்றால் அதற்கு ஒரு விதி வேண்டும், ஒரு தலைப்பு வேண்டும், ஒரு முன்மாதிரி வேண்டும். இவருக்கு முன்னால் யாருமே இல்லாததால் முன்மாதிரி இல்லை. நாற்காலி இல்லாததால் தலைப்பு இல்லை. இப்படி இருக்கும் ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவது எந்த ஆபீசிலும் சுலபம், அவசரப்படுத்த ஆளில்லாவிட்டால் இன்னும் சுலபம். அவரும் சில கம்பெனிகளின் போர்டில் இருந்தார், ஒன்றும் பட்டினி கிடந்துவிடவில்லை. அதனால் யாருக்கும் உறுத்தவுமில்லை என்று நினைக்கிறேன்.

குன்னூரில் அவர் கட்டிக்கொண்ட வீட்டின் பெயர் 'ஸ்தாவ்கா'. ரஷ்ய மொழியில் போர்க்காலத் தலைமைத் தளபதி அலுவலகத்துக்குப் பெயர் அது. மனிதருக்குக் குசும்பு கடைசிவரை போகவில்லை. நீலகிரி அவருக்குப் புதிதுமில்லை. வெலிங்டனில் இருக்கும் ராணுவ ஸ்டாஃப் கல்லூரிக்கு 1959 முதல் தலைவராக இருந்தவர். கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகாமல், அங்கே இருக்கும்போதுதான் அவர்மேல் விசாரணை வைத்தார்கள். குற்றமற்றவர் என்று முடிந்தது. 1962 தோல்விக்குப் பிறகு மேனன் பதவி விலக, மானெக்‌ஷாவை வடகிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். அந்த விசாரணை மட்டும் வேறு மாதிரி முடிந்திருந்தால் 1971-ல் யார் இருந்திருப்பார்களோ.

அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது வெலிங்டனில் அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி வாட்ஸப்பில் ஆளுக்கொரு வசனத்தோடு சுற்றும் கதைகளை விட்டுவிடுவோம். நடந்தது இதுதான்: கலாம் அந்த விஷயத்தைக் கையில் எடுத்தார், 2007-ல் மானெக்‌ஷாவுக்கு அரியர்ஸ் காசோலை வந்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல். 1973-லிருந்து வரவேண்டியிருந்த தொகை. அப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது.

ஒரு கோடி என்றதும் பெரிதாகத் தெரியும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1973-ல் ஒருவர் 100 ரூபாயை 8 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் 2007-ல் அது 1,369 ரூபாய். 8 சதவீதத்தில் பணம் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், 34 வருடத்தில் நான்கு தடவைக்குக் கொஞ்சம் குறைவு. 1973-ல் கொடுக்காமல் விட்ட நூறு ரூபாயை 2007-ல் நூறு ரூபாயாகவே கொடுத்தால் கடனைத் திருப்பிக் கொடுத்ததாக எந்த பாங்கரும் ஒப்புக்கொள்ளமாட்டான். கஸ்டமர் 34 வருடம் கழித்து அசலை மட்டும் கொண்டுவந்தால் நாங்கள் சும்மா விடுவோமா?

அடுத்த வருடம், 2008 ஜூன் 27-ஆம் தேதி, வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மானெக்‌ஷா இறந்தார். வயது 94. ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில், 2001-ல் இறந்துபோன மனைவியின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஜனாதிபதி வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை. இணையமைச்சர் பல்லம் ராஜு வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை. விதிமுறைப்படி தப்பில்லை என்று விளக்கம் சொல்ல இடமிருந்தது. பட்டியலில் இல்லாத தரத்துக்கு விதிமுறை மட்டும் எங்கிருந்து வரும்? ஊட்டி மக்களும் குன்னூர் மக்களும் வழியெல்லாம் நின்றார்கள்.

இந்தியாவில் ஐந்து நட்சத்திரம் பெற்ற மூன்றாமவர் விமானப்படையின் அர்ஜன் சிங். 1965 போரின்போது விமானப்படைத் தலைவர். 2002 குடியரசு தினத்தில் 'விமானப்படையின் மார்ஷல்' ஆனார். ஃபீல்டு மார்ஷலுக்குச் சமமான தரம், குதிரைக்குச் சம்பந்தமே இல்லாத மார்ஷல். கடற்படையில் இதற்கு இணையான பட்டம் இதுவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

2015 ஜூலை 28-ஆம் தேதி கலாமின் உடல் டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு வந்தபோது அஞ்சலி செலுத்த அர்ஜன் சிங் வந்திருந்தார். 96 வயது, சக்கர நாற்காலி. நாற்காலியை நிறுத்தச் சொல்லி, எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அந்தப் போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2017 செப்டம்பர் 16-ல் அவரும் இறந்துபோனார். இந்த முறை டெல்லியில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன, அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பை ஏற்று இரண்டு வாரம்கூட ஆகியிராத நிர்மலா சீதாராமன் நேரில் வந்து மலர்வளையம் வைத்தார். அவருக்குப் பிறகு இந்தியாவில் ஐந்து நட்சத்திரம் யாருக்கும் இல்லை.